கறிக்காகத்தான் வருது

செல்லத்தாய் மிருகப் பூங்காவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், கண்காணிப்பாளர் உக்கிரபாண்டி அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "எல்லாக் கூண்டையும் பாருங்கம்மா. பாத்தத எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிப்போர்ட்டு குடுங்க. அம்புட்டுத்தான்" என்றார். அதற்கு மேல் அவளிடம் என்ன வேலை வாங்குவதென்று அவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்துக்குப் பயிற்சி என்று அதுவரை ஒருவரும் வந்ததில்லை. பெண்கள் கூட்டிப் பெருக்கக்கூட வந்ததில்லை.

1983ஆம் வருஷம், தை மாதம். ஆனையூருக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்தது அந்தப் பூங்கா. மில் முதலாளி ஒருவர் ஆசைக்கு வளர்த்த மிருகங்களை அவர் காலத்துக்குப் பிறகு ஒரு அறக்கட்டளை எடுத்து நடத்தி வந்தது. மான்கள், மயில்கள், இரண்டு கரடி, ஒரு முதலை, குரங்குகள், கடைசி வரிசையில் ஒரு கழுதைப்புலி. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கடைசி வரிசை வரைக்கும் வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிணந்தின்னி" என்று சொல்லி, காலடியில் கிடக்கும் கல்லில் ஒன்றை எடுத்து எறிந்துவிட்டுப் போவார்கள்.

செல்லத்தாய்க்கு அப்போது இருபத்து மூன்று வயது. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் சம்சாரிக் குடும்பம். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். படிப்பு முடிந்ததும் மாமன் மகன் தவசிக்குக் கட்டிக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் மாட்டேன் என்றாள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் முத்திருளன்தான் எல்லாம். அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. "சரி, உன் வழிய நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். எட்டு மாதம் ஆயிற்று. இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை.

ஆனையூரில் சோணையம்மாள் என்பவளின் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தங்கியிருந்தாள். சோணையம்மாள் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தாள். இவள் இருக்கும் நேரம் அவள் இருக்க மாட்டாள், அவள் இருக்கும் நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை செல்லத்தாய் வாய் திறந்து பேசியது கண்டக்டரிடம் கேட்ட டிக்கெட் மட்டும்தான் என்று இருக்கும். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரின் குரல் பழகிப்போய், அவருக்கு ஜலதோஷம் பிடித்த நாளைக்கூட அவளால் கண்டுகொள்ள முடிந்தது.

பூங்காவில் தீனி போடுகிறவர் மொக்கைச்சாமி. நாற்பது வயதிருக்கும். காலையில் கூண்டுகளைக் கழுவுவார், மத்தியானம் தீனி போடுவார், மற்ற நேரம் வேப்ப மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருப்பார். அவளைத் 'தாயி' என்று கூப்பிட்டார். மரியாதைதான், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு பேச்சு ஓடாது.

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு கூண்டாக உட்கார்ந்து பார்த்தாள். கரடிகள் சண்டை போட்டன. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன. கழுதைப்புலி மட்டும் நடந்துகொண்டே இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கூண்டு. பின்னால் இருட்டாக ஒரு பொந்தறை. வெயில் தாழ்ந்ததும் அது பொந்தை விட்டு வெளியே வரும், இடது மூலைக்குப் போகும், தலையைச் சுழற்றித் திரும்பும், வலது மூலைக்குப் போகும், மறுபடி தலையைச் சுழற்றும். ஒரே இடத்தில் கால் வைத்து வைத்துத் தரையில் எட்டு மாதிரி ஒரு தடம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. ஒரு சாயங்காலம் அவள் எண்ணினாள். இரண்டு மணி நேரத்தில் நானூற்று முப்பது தடவை.

"எப்பவுமே இப்படித்தானாண்ணே?" என்று மொக்கைச்சாமியிடம் கேட்டாள்.

"வந்த நாள்லருந்து இப்படித்தான் தாயி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பாழுங்கிணத்துல விழுந்து கெடந்துச்சாம். ஊருச் சனம் மூனு நாளு கல்லால எறிஞ்சிருக்கு. அப்புறம் கழுத்துல கயித்தப் போட்டு மேல இழுத்திருக்காக. மூனு வருசமாச்சு. இது நடந்த நடைக்கு இந்நேரம் காசிக்குப் போயித் திரும்பியிருக்கும்."

அதன் கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வளையம் இருந்தது.

கல்லூரி நூலகத்தில் அவள் படித்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், கூண்டு மிருகங்கள் இப்படி நடப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காட்டில் ஒரு மிருகம் நாள் முழுக்க மோப்பம் பிடிக்கிறது, தோண்டுகிறது, தேடுகிறது, ஒளிக்கிறது. கூண்டில் கறி நேராக முன்னால் வந்து விழுகிறது. மிச்ச நேரத்துக்கு அது என்ன செய்யும்? தேட வை, தோண்ட வை, புது வாசனை கொடு என்றது அந்தக் கட்டுரை. அவள் அதைத் தமிழில் எழுதி உக்கிரபாண்டியிடம் அனுமதி கேட்டாள். 'கூண்டு விலங்குக்கு வேலை கொடுத்தல்' என்று தலைப்பு வைத்திருந்தாள்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "இங்க மனுசனுக்கே வேலை இல்ல. மிருகத்துக்கு வேலையாம்மா?" சிரித்துவிட்டு, "செய்யுங்க. ஏதாவது ஆச்சுன்னா உங்க பேருதான் எழுதுவேன்" என்றார்.

அவள் ஒரு வாரம் அலைந்தாள். கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் ஒதுக்கிப் போட்டிருந்த லாரி டயரை வாங்கி வண்டியில் ஏற்றி வந்தாள். மாட்டுக் கொட்டகைக் கூளம் ஒரு சாக்கு, ஆட்டுத்தோல் ஒன்று, பெரிய எலும்பு, கண்மாய்க் கரையில் வெட்டிய கோரைப்புல் ஒரு கட்டு. மிருகம் பொந்தறைக்குள் இருந்தபோது நடுக்கதவை இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் கூண்டுக்குள் பரப்பினாள். தூரத்தில் நின்று பார்த்தபோது அழகாக இருந்தது. கதவைத் தூக்கினாள்.

கழுதைப்புலி தலையை மட்டும் நீட்டியது. அதன் முதுகு மயிர் முழுவதும் சிலிர்த்து எழுந்தது. அப்படியே பின்வாங்கி உள்ளே போனதுதான், இரண்டு நாள் வெளியே வரவில்லை. கறியும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை உக்கிரபாண்டி வந்து பார்த்தார். திரும்பிப் போய் ஒரு தாளில் நாலு வரி எழுதி அனுப்பினார். பொருள்களை உடனே அகற்ற வேண்டும் என்று இருந்தது.

டயரை உருட்டிக்கொண்டு வெளியே வரும்போது செல்லத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. மொக்கைச்சாமி கூளத்தை வாரிக்கொண்டிருந்தார். அவள் அழுவதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அறைக்குப் போய், விளக்கைப் போடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் செய்தது என்ன என்று மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மூன்று வருஷமாக அந்த மிருகத்துக்கு உலகத்தில் நிச்சயமாக இருந்தது அந்த வெறும் தரை மட்டும்தான். அதையும் அவள் ஒரே காலையில் இல்லாமல் ஆக்கிவிட்டாள். அதற்கு நல்லது என்று நினைத்தாளே ஒழிய, அதைக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் உக்கிரபாண்டியிடம் போய் நின்றாள். "ஒன்னே ஒன்னு வைக்கிறேன் சார். கூண்டுக்கு வெளியே, கம்பிக்கு ரெண்டடி தள்ளி. பயந்துச்சுன்னா எடுத்துருவேன்." அவர் தலையை ஆட்டினார்.

கைப்பிடிக் கோரையை வெளியே வைத்தாள். முதல் நாள் அது எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் நடையின் நடுவில் ஒரு தடவை நின்றது. நாலாம் நாள் கம்பியில் மூக்கை வைத்து மோந்தது. ஆறாம் நாள் புல்லைக் கம்பிக்குள் தள்ளினாள். ஒன்பதாம் நாள் அது ஒரு தண்டைத் தேர்ந்து, அதன்மேல் பின்புறத்தைத் தேய்த்து, அங்கே சுரக்கும் பசையை அப்பியது. கழுதைப்புலி தன் எல்லையைக் குறிக்கும் விதம் அது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூண்டில் ஒரு பொருளை அது தன்னுடையது என்று சொல்லியிருந்தது.

பிறகு கூளம் வந்தது. கூளத்துக்குள் கறித் துண்டுகள். மாசி முடியும்போது டயரே உள்ளே வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அது கூளத்தைக் கிளறி, எலும்பைக் கண்டுபிடித்து, மூலைக்குக் கொண்டுபோய் ஒளித்து, மறுபடி எடுத்து, வேறு மூலையில் ஒளித்துக்கொண்டிருந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிஷமாக ஒரு சுற்றுக்கூட நடக்கவில்லை.

எழுந்து சுற்றிலும் பார்த்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மொக்கைச்சாமி வீட்டுக்குப் போயிருந்தார். அலுவலகம் பூட்டியிருந்தது. காவல்காரர் வாசலில் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "மணி என்னண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பங்குனியில் கழுதைப்புலியின் தொடையில் ஒரு வீக்கம் வந்தது. கல்லோ, கம்பி முனையோ, தெரியவில்லை. பழுத்துச் சீழ் வடிந்தது. கால்நடை டாக்டர் சனிக்கிழமை வந்து தூரத்திலிருந்து பார்த்தார். "அஞ்சு நாள் ஊசி போடணும். புடிச்சுப் போட முடியுமா?"

"போன தடவ வலையப் போட்டு ஆறு பேரு அமுக்குனோம் சார்" என்றார் மொக்கைச்சாமி. "ஒரு பல்லு ஒடஞ்சுபோச்சு. அஞ்சு நாளு அப்படிச் செஞ்சா செத்துரும்."

செல்லத்தாய் குறுக்கே பேசினாள். "சார், எனக்குக் கொஞ்ச நாள் குடுத்தா, அதுவா வந்து கம்பியோரம் நிக்கப் பழக்கலாம்."

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சின்ன வயசுக்காரர்தான். "கறியில மாத்திரை வச்சுத் தள்ளிப் போடலாம். மூனு வாரம். அதுக்கு மேல தாங்காது."

அந்தப் பத்திரிகையிலேயே கடல் மிருகங்களை விசில் ஊதிப் பழக்குவதைப் பற்றியும் போட்டிருந்தது. சொன்னதைச் செய்த அதே நொடியில் ஒரு சத்தம், சத்தம் வந்தால் தீனி நிச்சயம். செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. விசிலுக்குக் கழுதைப்புலி மிரண்டது. செல்லத்தாய் மதுரையில் புது மண்டபக் கடைகளில் தேடி, பிள்ளைகள் விளையாடும் தகரத் தவளை ஒன்று வாங்கினாள். வயிற்றை அமுக்கினால் 'டிக்' என்று சின்னதாகச் சத்தம் போடும். முதல் மூன்று நாள் டிக், கறி, டிக், கறி என்று மட்டும் செய்தாள். அதன் பிறகு, அது கம்பியை நோக்கித் திரும்பினால் டிக். ஒரு அடி வைத்தால் டிக். நீளக் குச்சியின் முனையில் மூக்கை வைத்தால் டிக். கம்பியோடு ஒட்டிப் பக்கவாட்டில் நின்றால் டிக், பெரிய துண்டு.

"தவள கத்துனா மழ வரும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் மொக்கைச்சாமி. "இங்க கறியில்ல வருது!" அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகத் தானாகப் பேசியது அதுதான் முதல் முறை.

பதினெட்டாம் நாள், குச்சியால் தொடையைத் தொட்டபோது அது திரும்பிப் பார்த்தது, நகரவில்லை. இருபதாம் நாள் டாக்டர் வந்தார். சேதி கேட்டு உக்கிரபாண்டியும், காவல்காரரும், தோட்டக்காரர்களும் வந்து நின்றார்கள். கழுதைப்புலி பொந்தறையை விட்டு வரவே இல்லை. தவளை கத்திக்கொண்டே இருந்தது. யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் அங்கிட்டுப் போறீங்களா?" என்றாள் செல்லத்தாய். சொன்ன பிறகுதான், உக்கிரபாண்டியும் அந்த எல்லாரில் உண்டு என்பது உறைத்தது. அவர் ஒரு கணம் முறைத்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தார். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி அவள் கையில் கொடுத்தார். "என்னையும் அதுக்குத் தெரியாதும்மா. நீங்களே போடுங்க. சதையில நேரா குத்துங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

கால்மணி நேரம் கழிந்து அது வந்தது. கம்பியோரம் உடம்பைச் சாய்த்து நின்றது. அவள் இடது கையில் தவளை, வலது கையில் ஊசி. இவ்வளவு பக்கத்தில் அதன் கோடுகள் கறுப்பாக இல்லை, கரும்பழுப்பாக இருந்தன. குத்தினாள். அதன் தோல் ஒரு தடவை துடித்தது. டிக். கறியைத் தின்றுவிட்டு அது இன்னும் நின்றது.

ஐந்து நாளும் அப்படியே நடந்தது. புண் ஆறியது.

வைகாசியில் ஒரு நாள் அவளுடைய அம்மா பாண்டியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் பூங்காவுக்கு வந்து நின்றாள். கையில் ஒரு மஞ்சப்பை. முறுக்கும், ஒரு சம்படத்தில் எள்ளுருண்டையும் இருந்தன.

"அண்ணனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது. திருமங்கலத்துல வைத்தியருகிட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

செல்லத்தாய் அம்மாவைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லில் உட்கார வைத்தாள். குச்சியை நீட்டினாள். கழுதைப்புலி வந்து மூக்கை வைத்தது. பக்கவாட்டில் நின்றது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தானாடி இம்புட்டுப் படிச்ச?" என்றாள். குரலில் ஏச்சு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

"ஆமாம்மா."

"அது உனக்காக வருதா, கறிக்காக வருதா?"

செல்லத்தாய் யோசித்தாள். "கறிக்காகத்தான் வருது."

"ம்" என்றாள் அம்மா. மஞ்சப்பையை அவள் மடியில் வைத்துவிட்டு, "தவசிக்குப் பேரையூர்ல பொண்ணு பாத்தாச்சு. ஆவணியில கல்யாணம். உன் அண்ணன்தான் முன்ன நின்னு எல்லாம் பாக்குறான்" என்றாள். கூப்பிடுவார்களா என்று செல்லத்தாய் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது அம்மா ஜன்னல் வழியே அவள் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சுட்ட" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஒரு வாரத்தில் உக்கிரபாண்டி அவளை அழைத்தார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. ஆந்திராப் பக்கம் ஒரு பெரிய மிருகக்காட்சி சாலையில் பெண் கழுதைப்புலி ஒன்று தனியாக இருக்கிறதாம். இங்கே இருப்பதைக் கொடுத்தால் இரண்டு கடமான் தருவார்களாம். அறக்கட்டளை சம்மதித்துவிட்டது.

"நல்ல விசயந்தானம்மா. அதுக்கும் சோடி கெடைக்குது, நமக்கும் சனம் விரும்பிப் பாக்குற மாதிரி மான் வருது" என்றார். பிறகு தயங்கி, "பெட்டிக்குள்ள ஏத்தணும். வலை, கம்பு எல்லாம் வேண்டாம்னு பாக்குறேன். நீங்க பழக்குவீங்களா?" என்றார்.

முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னால் வலை வரும், கயிறு வரும், அதே கழுத்தில் விழும். "பழக்குறேன் சார்" என்றாள்.

மரப்பெட்டி வந்தது. உள்ளே போனால் திரும்ப முடியாத அகலம். முன்பக்கம் கம்பி, பின்பக்கம் மேலிருந்து இறங்கும் பலகைக் கதவு. கூண்டு வாசலோடு அதைச் சேர்த்துக் கட்டினார்கள். முதல் வாரம் கதவைக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டியே வைத்து, பெட்டி வாசலில் கறி. அடுத்த வாரம் பெட்டிக்குள், கடைசி முனையில் கறி. அதன் பிறகு கதவை ஒரு சாண் இறக்கி ஏற்றினாள். அது உள்ளே இருக்கும்போதே முழுக்க இறக்கினாள், டிக், கறி, உடனே தூக்கினாள். பிறகு பத்து எண்ணும் வரை இறக்கி வைத்தாள். பிறகு நூறு. ஒவ்வொரு தடவையும் கதவு மேலே போனது. ஒவ்வொரு தடவையும் அது நிதானமாகப் பின்னால் நடந்து வெளியே வந்தது. ஆனி பிறந்தபோது, கதவு விழுகிற சத்தத்துக்கு அதன் காதுகூட அசையவில்லை.

லாரியில் தானும் கூடப் போவதாகச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு நாளு லாரியில ஒரு பொம்பளப் புள்ளைய அனுப்பிட்டு நான் யாருக்கும்மா பதில் சொல்றது?" என்றார் உக்கிரபாண்டி. மொக்கைச்சாமியை அனுப்புவதென்று முடிவாயிற்று.

மூன்று சாயங்காலம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் செய்து காட்டினாள். எப்போது அமுக்க வேண்டும், எவ்வளவு பெரிய துண்டு, அது வராவிட்டால் என்ன செய்வது.

"வராட்டி?" என்று கேட்டார் அவர்.

"ஒன்னும் செய்யக் கூடாதுண்ணே. உக்காந்திருக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"அது வார வரைக்கும்."

புறப்படும் நாள் விடியற்காலையிலேயே லாரி வந்து தூரத்தில் நின்றது. எல்லாரையும் மறைவாக நிற்கச் சொல்லியிருந்தாள். வழக்கம்போல் குச்சியை நீட்டினாள். கழுதைப்புலி வழக்கம்போல் பொந்தறையிலிருந்து வந்தது, டயரை ஒரு தடவை மோந்தது, பெட்டிக்குள் நடந்தது. அவள் கதவுக் கயிற்றை விட்டாள். கதவு விழுந்தது. டிக். கறியைக் கொடுத்தாள். தின்றது.

மொக்கைச்சாமி வந்து கதவில் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

அது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது பின்னங்கால்களைச் சற்று மடக்கி, பின்னால் நடக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தது. ஒரு நூறு எண்ணிக்கை ஆயிற்று. இன்னொரு நூறும் ஆயிற்று. கதவு எப்போதும் திறக்கும், இன்றைக்குக் கொஞ்சம் தாமதம் என்பது போல் நின்றது. ஆட்கள் பெட்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். அப்போதும் அப்படியே நின்றது. செல்லத்தாய் தவளையை மொக்கைச்சாமி கையில் வைத்தாள்.

"கயித்துல தூக்காம அனுப்பிச்சோம்ல, அதுவே பெருசு தாயி" என்றார் அவர். லாரி கண்மாய்க் கரை ஏறித் திரும்பியது.

அன்றைக்கு அவள் கூண்டைக் கழுவினாள். மொக்கைச்சாமி இல்லாததால் மற்ற கூண்டுகளையும் கழுவினாள். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. சோணையம்மாள் அன்று வீட்டில் இருந்தாள். "ஏத்தா, மொகமெல்லாம் என்னமோ மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். "வெயிலு" என்றாள் செல்லத்தாய். சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கே தொடங்குவது? ஒரு மிருகத்தை அது பயப்படாமல் போகும்படி ஏமாற்றி அனுப்பினேன் என்றா? அது நல்லதற்குத்தான் என்றும், ஏமாற்றுத்தான் என்றும் இரண்டும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த நான்கு நாளும் அவள் கரடிக் கூண்டு முன்னால் உட்கார்ந்தாள். நோட்டில் தேதியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானத்துக்கு மேல் லாரி திரும்பி வந்தது. மேலே இரண்டு உயரமான பெட்டிகள். உள்ளே கடமான்கள் மூச்சிரைத்துக்கொண்டு நின்றன. பெட்டிகளை மான் பட்டியில் இறக்கிக் கதவைத் திறந்தார்கள். இரண்டும் வெளியே வரவில்லை. தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனார்கள். செல்லத்தாய் வாயைத் திறக்குமுன் மொக்கைச்சாமியின் குரல் கேட்டது.

"கம்பக் கீழ போடுங்கப்பா. அதுகளா வரும். எல்லாரும் அங்கிட்டுப் போங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்கள். மொக்கைச்சாமி பட்டியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் தூக்கமில்லாத கண்கள். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"வழியில ஒன்னும் தொந்தரவு இல்ல தாயி. தண்ணி வச்சா குடிச்சுச்சு. கடப்பை தாண்டி மழ புடிச்சுக்கிருச்சு, என் போர்வைய அதுக்கு மேல போட்டேன். அங்க போயிக் கதவத் தெறந்தா, அது வரல. அவுக பாஷ எனக்கு வெளங்கல. கம்பியக் கொண்டு வந்தாக. நான் குறுக்க நின்னுக்கிட்டேன். வேணாம் வேணாம்னு கையக் கையக் காட்டுனேன். பைத்தியக்காரப்பயன்னு நெனச்சிருப்பாக. மத்தியானம் மூனு மணிக்கு உக்காந்தது, பொழுது சாயத்தான் வந்துச்சு. வந்து, கம்பியோரமா நின்னுச்சு. ஒரு பக்கமா. நீங்க நிக்க வைப்பீகள்ல, அப்படி."

"நீங்க அமுக்குனீங்களா?"

"அமுக்குனேன். கறி குடுத்தேன். அங்க தீனி போடுறவன் ஒரு சின்னப்பய. பாத்துக்கிட்டே இருந்தான். மறுநா அவன் கையில தவளையக் குடுத்துச் செஞ்சு காட்டுனேன். புடிச்சுக்கிட்டான்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். பெட்டிக்குள் ஒரு மான் காலை மாற்றி வைத்தது. "நீங்க கெளம்புறப்ப அது பாத்துச்சாண்ணே?" என்று கேட்டாள். கேட்டபோதே அசட்டுத்தனமாக இருந்தது.

மொக்கைச்சாமி பொய் சொல்லிப் பழகாதவர். "இல்ல தாயி. பக்கத்துக் கூண்டுல அந்தப் பொட்டை இருக்கு. நடுவுல கம்பிதான். அது வாடை வந்ததுலருந்து இது அங்கிட்டே மூக்க வச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கெளம்புனது அதுக்குத் தெரியாது."

"நடந்துச்சா? இங்க நடக்குற மாதிரி?"

"நான் இருந்தவரைக்கும் நடக்கல."

"நல்லது" என்றாள் செல்லத்தாய். மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, "நல்லதுண்ணே" என்றாள்.

மான்கள் ஆறு மணிக்கும் வெளியே வரவில்லை. ஆறேகாலுக்கு அவளுடைய பஸ். "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றார் மொக்கைச்சாமி. பீடியை எடுத்தவர், புகை வாடைக்கு அவை மிரளும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி மடியில் செருகிக்கொண்டார். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "காலையில வெள்ளன வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு, கண்மாய்க் கரை மேல் ஏறி நடந்தாள். பயிற்சி முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.